பிளக்கைப் பிடுங்கிப் பத்து எண்ணுகிறவர்

ஆபீசில் அவருக்கு இருட்டு என்று பெயர். நேரில் இருந்தால் "இருட்டண்ணே", அந்தப் பக்கம் நகர்ந்தால் வெறும் "இருட்டு". பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கே ஆள் யாரென்று தெரியாது. அவர் எழுதின புரோகிராம் ஓடும் திரை எதுவானாலும், போட்டதும் ஒரு விநாடி கும்மிருட்டாகப் போய்விட்டுத்தான் திரும்பி வரும். அதற்காக வைத்த பெயர். வைத்தவர் வேறு யாருமில்லை, மேனேஜர்தான். மேனேஜரே வைத்த பெயரைக் கூப்பிட மற்றவர்களுக்குக் கசக்குமா என்ன?

வீட்டுப் பக்கம் வேறு கூத்து. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று மாடி வீட்டுக்காரர் கேட்டதற்கு, மனிதர் உள்ளதை உள்ளபடி, "டிரைவர் எழுதறேங்க" என்று சொல்லிவிட்டார். மாடி வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நல்லவேளை, மனைவி வந்து காப்பாற்றினாள்.

"வண்டி டிரைவர் இல்லீங்க. கம்ப்யூட்டர்ல திரை எரியணும்னா அதுக்கு ஒரு புரோகிராம் வேணுமாம், அதுக்கும் டிரைவர்னுதான் பேராம். அதுவும் எங்கயும் போகாது, இவரும் என்னை எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டார்."

அந்தம்மாவின் வாய் அப்படி. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டர் வேலை. கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஓட்டை வழியாக இருபத்திரண்டு வருஷம் கூட்டத்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல். வரிசையில் நடுவில் நுழைகிறவன் யாராக இருந்தாலும் அந்தக் குரல் காதில் விழுந்ததும் மரியாதையாகக் கடைசிக்குப் போய்விடுவான். பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டுக்கு வந்தால் அத்தனை குரலும் அவர் ஒருவர் தலையில்தான். அவருக்கு அதில் ஒரு குறையும் கிடையாது. அவள் ஊருக்குப் போன நாட்களில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஆள் அவர்.

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும் முதலில் கண்விழிப்பது, போர்டு செய்தவர்கள் உள்ளே வைத்து அனுப்பிய ஒரு சின்ன புரோகிராம். திரையை எழுப்பி அதில் கம்பெனி லோகோவைக் காட்டுவது அதன் வேலை. இரண்டு மூன்று விநாடி கழித்துப் பெரிய புரோகிராம் வரும், அதோடு நம்மாளின் டிரைவரும் வரும். அது வரும்போது திரை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. எந்த வழியாக எரியவிட்டிருக்கிறார்கள், என்ன வேகத்தில் ஓடுகிறது, படம் மெமரியில் எந்த மூலையில் கிடக்கிறது, ஒன்றும் டிரைவருக்குத் தெரியாது. இருப்பது இரண்டே வழி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். அல்லது ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டு, எரிவதை எரியவிட்டபடியே பொறுப்பை வாங்கிக்கொள்ளலாம். முதல் வழியில் ஒரு விநாடி இருட்டு வரும். இரண்டாவதில் வராது, ஆனால் உயிர் போகிற வேலை.

நம்மாள் முதல் கட்சி. அதற்கு ஒரு கதை இருக்கிறது. இருபத்துமூன்று வயதில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தார். ஒரு நாள் பெரிய டிவி ஒன்றை அணைத்த கையோடு போட்டுப் பார்த்தார். படபடவென்று இரண்டு தடவை மின்னிவிட்டுத் திரை செத்துப்போனது. கடைக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியின் சொந்தக்காரர், அவர் பெண்டாட்டி, எதிர்க்கடை ஆட்கள் எல்லோரும் பார்த்திருக்க, பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டார். அப்புறம்தான் பேசினார்.

"உள்ள பழைய கரண்ட் நிக்கும்டா, மடையா. பிளக்கைப் பிடுங்கு, பத்து எண்ணு, அப்புறம் போடு. எண்ணத் தெரியுமில்ல?"

எண்ணச் சொன்னார். அத்தனை பேருக்கும் நடுவில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக எண்ண வைத்தார். டிவியின் சொந்தக்காரருடைய பெண்டாட்டி சிரித்துவிட்டாள். அறை மறந்துபோயிருக்கலாம், அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அன்றிலிருந்து எதுவானாலும் அவர் பிளக்கைப் பிடுங்குவார், பத்து எண்ணுவார். வீட்டு மிக்ஸிக்குக்கூட அப்படித்தான். "மிக்ஸிக்கு எதுக்குங்க எண்ணறீங்க, அது என்ன ஓட்டப் பந்தயத்துக்கா நிக்குது?" என்று மனைவி கேட்பாள். அவர் ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருப்பார்.

பிறகு படித்தார், பரீட்சை எழுதினார், தட்டுத்தடுமாறி இந்தக் கம்பெனிக்கு வந்தார். ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலோரப் பெட்டி செய்யும் கம்பெனி. நோயாளியின் விரலில் ஒரு கிளிப், நெஞ்சில் இரண்டு ஒட்டு. திரையில் மூன்றே எண்கள்: நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், மூச்சு. வளைந்து வளைந்து ஓடும் கோடெல்லாம் ஐசியூவில் வைக்கிற பெரிய பெட்டியில்தான். இது சாதாரண வார்டுக்கு. எண் இறங்கினால் அதே பெட்டி கத்தும். அதில் திரை எரிவது அவர் பொறுப்பு. பதினாலு வருஷம், ஒரு பெட்டிகூடத் திரையால் திரும்பி வந்ததில்லை. அதை யாரும் சொல்லவில்லை. இருட்டு என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தம்மாவின் குரல் குறைய ஆரம்பித்தது. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தாள். ஒரு நாள் கவுண்ட்டரில் ஒருவன் வரிசையில் குறுக்கே புகுந்தபோது அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு அழுதாள். இதயத்தில் ஒரு வால்வு கெட்டிருக்கிறது, மாற்றியாக வேண்டும் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்தார்கள். பதினோரு மாசம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அவ்வளவு நாள் தாங்குமா என்று அவர் கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிதான் அவர் கம்பெனியின் பெரிய வாடிக்கை. அங்கிருந்து ஒரு புகார் வந்தது. கட்டில் விட்டுக் கட்டில் பெட்டியை மாற்றிப் பிளக்கைச் சொருகும்போதெல்லாம் திரை எரிகிறது, படக்கென்று செத்துப்போகிறது, மறுபடி எரிகிறது. பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் அலறுகிறார்கள். இன்னொரு கம்பெனிப் பெட்டி இப்படி இமைப்பதில்லை. இமைக்காத திரை கொடுக்க முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். இப்படி அங்கிருந்த பெரிய டாக்டரே எழுதியிருந்தார்.

மேனேஜர் கூட்டம் போட்டார். இருபது பேர்.

"நம்ம இருட்டண்ணன் கைவண்ணம் இப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் பேசுது" என்று ஆரம்பித்தார். "அண்ணே, ஒரு சந்தேகம். வீட்லயும் இப்படித்தானா? காலைல எழுந்ததும் ஒரு தடவை கண்ணைத் திறந்து, மூடி, அப்புறம் திறப்பீங்களா?"

அறை குலுங்கியது. அவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பழக்கம்.

"சார், அந்த ஒரு விநாடி சும்மா வர்றதில்ல. முன்னாடி வந்த புரோகிராம் என்னத்தை எப்படி விட்டுட்டுப் போச்சுன்னு நமக்குத் தெரியாது. தெரியாததை நம்பி எடுத்துக்கக் கூடாது. அணைச்சுட்டு ஆரம்பிச்சா எல்லாம் நம்ம கைல இருக்கும்."

"அதாவது, படிச்சுத் தெரிஞ்சுக்கற அளவுக்கு நமக்கு மூளை இல்ல, அதனால அணைச்சுடறோம்ங்கறீங்க."

மறுபடி சிரிப்பு. கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவரை மட்டும் இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். குரல் அப்படியே தேனாகிவிட்டது.

"வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கு, அண்ணே?"

"அப்படியேதான் சார் இருக்கு."

"அந்த ஆஸ்பத்திரியிலதானே பதிஞ்சிருக்கீங்க? பதினோரு மாசம்னு கேள்விப்பட்டேன். பெரிய டாக்டர் எனக்கு நல்ல பழக்கம். நான் ஒரு வார்த்தை சொன்னா முன்னாடி தேதி கெடைக்கும். ஆனா பாருங்க, அவர்கிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுக் கேக்கறது? உங்க இருட்டையும் அங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு, உங்க வீட்டம்மாவையும் முன்னாடி பாருங்கன்னு எப்படிக் கேக்கறது, சொல்லுங்க?"

இதைத்தான் கழுத்தில் கத்தியை வைப்பது என்பார்கள். மேனேஜர் புன்னகையோடு வைத்தார். அவர் சரி சார் என்றார். பதினாலு வருஷக் கொள்கை, இரண்டு வார்த்தையில் போய்விட்டது. நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நானாக இருந்தால் ஒரு வார்த்தையிலேயே முடித்திருப்பேன்.

ஒத்துக்கொண்ட பிறகு அவர் செய்தது சாதாரண வேலை இல்லை. மூன்று மாசம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். ஹார்டுவேர் தன் நிலவரத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களில் வைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க வைத்தார். முதல் புரோகிராம் விட்டுப்போன குறிப்பில் ஒன்று இருக்கும், உண்மையில் ஓடுவது வேறாக இருக்கும். குறிப்பை நம்பாமல் ஓடுவதையே நம்ப வைத்தார். பாதி எரிந்து பாதி அணைந்து கோணல்மாணலாக நிற்பதைச் சத்தமில்லாமல் சரிசெய்ய வைத்தார். படம் கிடக்கும் மெமரி மூலையைக் கண்டுபிடித்து, வேறு யாரும் அதில் கைவைக்காதபடி பூட்டினார். புதுப் படம் வரும்வரை பழைய படம் ஒரு புள்ளிகூட அசையாமல் அங்கேயே நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை.

பிளக்கைச் சொருகினார். லோகோ வந்தது, நின்றது, எண்கள் வந்தன. நடுவில் ஒரு துளி இருட்டு இல்லை. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி பிடுங்கினார், பத்து எண்ணினார், சொருகினார். அப்படி முந்நூறு தடவை செய்தார். ஒவ்வொரு தடவையும் பத்து.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், வாய் திறந்து பேசாத பெண். அவள் வேலை, ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சோதித்து டிக் போடுவது. அன்று அவள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. பெட்டி எங்கயாச்சும் சிக்கிக்கிட்டா தானாவே ரீஸ்டார்ட் ஆகும்ல? பிளக்கைப் பிடுங்காம, அந்த மாதிரி ஒரு தடவை பாத்துடலாமா?"

அப்படி ஒரு வசதி பெட்டியில் இருந்தது. பெரிய புரோகிராம் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் பெட்டி தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். கரண்ட் போகாது, முதல் புரோகிராம் வராது, லோகோவும் வராது. பக்கத்துப் பிரிவுக்காரர்கள் போட்ட வசதி. நம்மாளுக்கு அதன் மேல் மதிப்பே கிடையாது. பிளக்கைப் பிடுங்காத ரீஸ்டார்ட் அவருக்குக் குளிக்காமல் சட்டை மாற்றுகிற மாதிரி.

"பழைய அழுக்கு எல்லாம் உள்ளயே இருக்கறப்போ சோதிச்சா, அதுக்குப் பேர் சோதனையா?" என்றார்.

"இல்லண்ணே, அந்த நேரத்துல திரைல என்ன நிக்கும்னு..."

மேஜையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் இருந்தால் அவருக்கு அந்த டிவிக் கடை ஞாபகம் வந்துவிடும். ஆனால் இன்று அறை வாங்கும் இடத்தில் அவர் இல்லை.

"நான் திரையைக் கட்டி மாரடிக்க ஆரம்பிச்சப்போ நீ பொறந்திருக்கவே மாட்டே. உனக்குப் புரியற விஷயமா இது? டிக் போடச் சொன்னா டிக் போடு. பத்துக்கு மேல எண்ணத் தெரியுமில்ல?"

நாலு பேரும் சிரித்தார்கள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸ் அவர் பக்கம் நின்று சிரித்தது. அது அவருக்கு இனித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. பட்டியலில் அந்த வரியில் "பார்க்கவில்லை" என்று எழுதி நீட்டினாள். அவர் அதை அடித்துவிட்டு "தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று படிக்கிற புரோகிராமை, உள்ளே பழசு எதுவுமே இல்லாமல் துடைத்துவிட்டு முந்நூறு தடவை சோதித்திருக்கிறார். கன்னத்தில் விழுந்த ஓர் அறை மனிதனை இத்தனை வருஷம் கழித்தும் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது, பாருங்கள்.

பெரிய டாக்டர் முன்னிலையில் புதுப் பெட்டியைப் போட்டுக் காட்டினார்கள். பெரிய டாக்டர் கைதட்டினார். "இருட்டுக்குக் கண்ணு வந்துடுச்சு" என்று ஆபீசில் ஒரு வாரம் கேலி ஓடியது. மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பதினோரு மாசம் ஆறு வாரமாகிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. இரண்டு நாள் ஐசியூ கண்ணாடி அறையில் வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் அவளைச் சாதாரண வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னலோரக் கட்டில். தலைமாட்டில் அவருடைய பெட்டி. சிஸ்டர் பிளக்கைச் சொருகும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இமைக்கவில்லை.

"இதுதானா?" என்று அவள் கேட்டாள். குரல் இன்னும் நூலாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சு வாங்காமல் பேசினாள். "மூணு நம்பர். இதுக்கா மூணு மாசம் வீட்டுப் பக்கமே தலைகாட்டாம கெடந்தீங்க? நான் டிக்கெட்ல ஒரு நாளைக்கு மூவாயிரம் நம்பர் அடிக்கறேன்."

"நம்பர் என்னுது இல்ல. அது எரியுது பாரு, அதுதான் என்னுது."

"பெரிய சூரியன்தான் போங்க."

மனிதர் சிரித்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து அவள் அவரைக் கிண்டல் செய்கிறாள். மத்தியானம் கஞ்சி குடித்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நாளைக்கு நாலு எட்டு நடக்கலாம் என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் கொஞ்சம் கண்ணை மூடறேன். நீங்க இப்படி என்னையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க, பயமா இருக்கு."

"உன்னை யாரு பாக்கறா? நான் என் நம்பரைப் பாத்துட்டிருக்கேன்" என்றார் அவர்.

அவள் சிரிக்கிற மாதிரி தோள் குலுங்கியது. அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

திரையில் எழுபத்தாறு, தொண்ணூற்றேழு, பதினாறு. இரண்டேகாலுக்கு, பெட்டிக்குள் பெரிய புரோகிராம் எங்கோ சிக்கி நின்றது. பெட்டி தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொண்டது. அவருடைய டிரைவர் வந்தது. கட்டம் கட்டமாகப் படித்தது. திரை எரிகிறது, சரி. வேகம் சரி. படம் இன்ன மூலையில் இருக்கிறது, சரி. அதைப் பூட்டி, புதுப் படம் வரும்வரை ஒரு புள்ளிகூட அசையாமல் நிறுத்திவைத்தது. அது லோகோவா, ஐந்து விநாடிக்கு முன்னால் ஒரு பெண்ணின் நாடி இருந்த நிலவரமா என்று பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய புரோகிராம் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி சிக்கியது. மூன்று தடவை முயன்றுவிட்டு ஓய்ந்துபோனது. கத்த வேண்டியதும் அந்தப் புரோகிராம்தான், அதனால் பெட்டி கத்தவும் இல்லை. பழைய டிரைவராக இருந்திருந்தால் திரை பட்டென்று இருண்டிருக்கும், அவர் துள்ளி எழுந்திருப்பார். இத்தனையும் நடந்தபோது அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்கு மேல் அவள் தங்கை போன் செய்தாள்.

"மாமா, அக்கா எப்படி இருக்கா?"

"நல்லாத் தூங்கறா. தொண்ணூத்தேழு. கல்லு மாதிரி நிக்குது."

"ஏறி இறங்கவே இல்லையா?"

"இல்லவே இல்ல. நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன். இந்த ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு தூக்கம் அவ தூங்கினதே இல்ல."

தங்கை அந்தப் பக்கம் அழுதாள், சந்தோஷத்தில். இவரும் கொஞ்சம் அழுதார். போனை வைத்துவிட்டு ஆரஞ்சு ஒன்றை உரித்து, எழுந்ததும் கொடுக்கலாம் என்று தட்டில் சுளை சுளையாக அடுக்கினார். அவள் கையைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். வார்டு ஆளைக் கூப்பிட்டு ஏசியைக் குறைக்கச் சொன்னார். அந்த ஆள் குறைத்தான். அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தார். தொண்ணூற்றேழு. வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கவும் அவருக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது.

மூன்றேகாலுக்கு சிஸ்டர் மாத்திரையோடு வந்தாள். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜோரா இருக்காங்க சார்" என்றாள். பிறகு, "அம்மா, மாத்திரை போட்டுக்கலாமா?" என்று தோளைத் தொட்டாள். மறுபடி தொட்டாள். தோளைப் பிடித்துத் திருப்பினாள். உதடு நீலமாக இருந்தது.

"சார், எப்போதிலேருந்து இப்படி இருக்காங்க?"

"எப்படி?" என்றார் அவர். "தூங்கறா. நம்பர் நல்லாத்தானே இருக்கு."

சிஸ்டர் கழுத்தில் விரலை வைத்தாள். அடுத்த கணம் வாசலைப் பார்த்துக் கத்தினாள். நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். கட்டிலை இழுத்தார்கள், போர்வையைத் தள்ளினார்கள், தட்டு கீழே விழுந்து ஆரஞ்சு சுளைகள் சிதறின. ஒருவர் அவள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார். அந்தத் தள்ளுமுள்ளில் விரலில் இருந்த கிளிப் கழன்று, ஒயரோடு கட்டிலுக்கு வெளியே தொங்கி ஆடியது. அதில் விரலே இல்லை.

திரையில் தொண்ணூற்றேழு.

அவர் கிளிப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கிளிப்பைப் பார்த்தார். அந்த வார்டில் அதன் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அந்த நேரத்துல திரைல என்ன நிக்கும்னு" என்று அந்தப் பெண் கேட்டது முழுசாக ஞாபகம் வந்தது, தன் கையெழுத்து ஞாபகம் வந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்காங்க? யாராவது சொல்லுங்க!" என்று டாக்டர் கத்தினார்.

எப்போது நின்றது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாத்துக்கிட்டேதானே இருந்தார்.

அவர் குனிந்து சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். தொண்ணூற்றேழு போனது. திரை இருண்டது.

"ஒண்ணு" என்றார் சத்தமாக. "ரெண்டு."

"சார், என்ன பண்றீங்க? தள்ளிப் போங்க!"

"மூணு. நாலு." முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கை தானாகப் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வார்டு ஆள் அவர் தோளைப் பிடித்து இழுத்தான், அவர் அசையவில்லை. எட்டு என்னும்போது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்பது. பத்து."

பிளக்கைச் சொருகினார். லோகோ வந்தது, நின்றது. அதன் இடத்தில் மூன்று எண்களும் வரவேண்டிய மூன்று கட்டங்கள் வந்தன. கட்டத்துக்கு ஒன்றாக மூன்று சின்னக் கோடுகள். நடுவில் ஒரு தடவைகூடத் திரை இமைக்கவில்லை.